பாரிமுனையில இருந்து கோட்டை மட்டும்

1796இல இருந்து 1798 மட்டும் முல்லைத்தீவை ஆண்டது ஆர் எண்டு ஓ எல் (சாதாரணதர வகுப்பு) பிள்ளையளிட்டக் கேட்டா "பிரிட்டிஷ்காரர் ரீச்சர்" எண்டு டக்கெண்டு சொல்லுவினம். எங்க இருந்து ஆண்டவை எண்டு கேட்டா வகுப்பு அப்பிடியே அடங்கிப்போகும், ஒண்டு கொழும்பு எண்டும் இன்னொண்டு லண்டன் எண்டும் சொல்லிப் பாக்கும். மறுமொழி சென்னை. அந்தக்காலத்து மதராஸ், அதிலயும் கடற்கரையோட இருக்கிற புனித ஜோர்ஜ் கோட்டை. ஒல்லாந்தரிட்ட இருந்து எங்கட கரையோரத்தைப் பிடிச்ச படை மதராஸில இருந்து கப்பலேறி வந்த கிழக்கிந்தியக் கம்பனிப் படை, பிடிச்சாப்பிறகு வரி எவ்வளவு, ஆர் அறவிடுறது எண்டு முடிவெடுத்ததும் அந்தக் கோட்டைக்குள்ள இருந்துதான். இதைக் கனகாலமாப் படிப்பிக்கிறன். அந்தக் கோட்டைக்குள்ள காலால நடந்து பாக்கக் கிடைச்சது இந்தமுறைதான், அதைப் பற்றித்தான் எழுதப்போறன், கொஞ்சம் நீளும், பொறுமையா வாசியுங்கோ.

மாமாவின்ர மகள் குடும்பத்தோட வளசரவாக்கத்தில இருக்கிறா, பேத்தியின்ர சாமத்திய வீட்டுக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போறது என்ர பொறுப்பு எண்டு வீட்டில முடிவாயிட்டுது. முந்தி எண்டா கட்டுநாயக்கா மட்டும் போகோணும், இப்ப பலாலியில ஏறினா ஒண்டேகால் மணித்தியாலம் மட்டில சென்னை. விசேஷம் முடிஞ்சு கையில நேரம் இருந்துது, மற்றாக்கள் எல்லாரும் தி.நகருக்கு உடுப்பு வாங்க வெளிக்கிட, நானும் மாமாவும் ஒரு சனிக்கிழமை காலமை பழைய மதராஸைச் சுத்திக்காட்டுற நடைப்பயணம் ஒண்டில சேந்தம். எங்களோட கொஞ்சப் பேர், கூட்டிக்கொண்டு போனது வரலாறு படிச்ச ஒரு இளம் பிள்ளை. மாமாவுக்கு எழுபது தாண்டிட்டுது, ஆனா முள்ளியவளையில இப்பவும் வயலுக்கு நடந்து போற மனுசன், அவருக்குப் பின்னால நாங்கள் ஓடவேண்டிக் கிடந்தது.

தொடங்கினது பாரிமுனையில. 1788இல மதராஸுக்கு வந்த தோமஸ் பாரி எண்ட வியாபாரியின்ர பேர்தான் அந்த முனைக்கு நிலைச்சுப் போச்சு, இப்ப அங்க நிக்கிற டேர் ஹவுஸ் கட்டிடம் 1940இல வந்தது. பஸ், ஓட்டோ, மூட்டை தூக்கிற ஆக்கள், பழக்கடை எண்டு கண்ணைக் கட்டிற நெரிசல். அதுக்குள்ள அந்தக் கட்டிடத்தோட ஒட்டி ஒரு சின்னக் கல்தூண் நிக்குது, மேல போகப்போக ஒடுங்கிற தூண். அந்தப் பிள்ளை அதுக்குப் பக்கத்தில எங்களை நிப்பாட்டிப்போட்டு, "இந்தக் கல்லை எல்லாரும் தாண்டிப் போயிடுவாங்க, ஆனா இந்த ஊர் எப்படி உருவாச்சுன்னு இதுல இருந்துதான் சொல்லணும்" எண்டு தொடங்கினா.

கதை இதுதான். கோட்டைக்கு வடக்குப் பக்கத்தில மதிலோட ஒட்டினமாதிரி எங்கட சனம் இருந்த பட்டணம் ஒண்டு இருந்தது. நெசவாளர், துபாசிமார் எண்ட மொழிபெயர்ப்பாளர், வியாபாரியள், கூலியாக்கள் எல்லாரும் அங்க. வெள்ளைக்காரர் அதைக் கறுப்பர் பட்டணம் எண்டுதான் எழுதி வச்சவை. 1746இல பிரெஞ்சுக்காரர் மதராஸைப் பிடிச்சு 1749இல திருப்பிக் குடுத்தவை, பேந்து 1758 கடைசியில லாலி எண்ட பிரெஞ்சுத் தளபதி திரும்பவும் வந்து முற்றுகை போட்டவர். இந்தச் சண்டையளில எதிரிக்கு மறைப்பாக் கிடந்தது இந்த வீடுகள்தான் எண்டு சொல்லி, கோட்டையைச் சுத்தி எல்லாத்தையும் இடிச்சு வெட்டவெளியாக்கினவை. கோட்டையில இருந்து சுடேக்க குறுக்க ஒண்டும் நிக்கக்கூடாது. 1773இல ஆறு தூண் நட்டு, இதுக்கு உள்ளால ஒருதரும் வீடு கட்டக்கூடாது எண்டு கட்டளை. அந்த ஆறில மிஞ்சி நிக்கிறது இந்த ஒண்டு.

மற்றாக்கள் ஃபோட்டோ எடுத்துக்கொண்டு நிண்டினம். மாமா கல்லில கையை வச்சுக்கொண்டு கேட்டார், "தங்கச்சி, அப்ப உதில இருந்த சனம் எங்க போனது?"

"வடக்கால தள்ளிப் போய்க் கட்டிக்கிட்டாங்க ஐயா. இப்ப நாம நிக்கிற ஜார்ஜ் டவுன் அப்படி வந்ததுதான்."

மாமா தலையை ஆட்டினார், வேற ஒண்டும் கேக்கேல்ல. பாதுகாப்புக்கெண்டு வீடு இடிச்சு வெளியாக்கிறதும், கல்லு நட்டு இதுக்கு அங்கால வராத எண்டு சொல்லுறதும், சனம் சட்டி பானையோட தள்ளித் தள்ளிப் போய்க் குடியிருக்கிறதும் எங்கட ஆக்களுக்குப் புத்தகத்தில படிக்கிற விசயமோ. வன்னியில எந்த வீட்டில கேட்டாலும் இடம்பெயர்ந்த ஊருகளின்ர பேரை வரிசையாச் சொல்லுவினம். 250 வருசத்துக்கு முந்தி மதராஸில அதே காரணத்தைச் சொல்லி அதே வேலை நடந்திருக்கு, அதுக்குச் சாட்சியா ஒரு சின்னக் கல்லு பழக்கடைக்குப் பக்கத்தில நிக்குது எண்டதை நான் அண்டைக்குத்தான் கண்ணால கண்டன். கண்டிப்பாப் பாருங்கோ. மெரீனாவைப் பாக்காட்டிலும் பரவாயில்ல, இதைப் பாருங்கோ.

ராஜாஜி சாலையில தபால் கந்தோர், ஸ்டேட் பாங்க் எண்டு பெரிய பெரிய சிவப்புக் கட்டிடங்கள். தபால் கந்தோர் சிஸம் எண்ட கட்டிடக்கலைஞர் கட்டி 1884இல திறந்தது, பாங்க் கட்டிடம் ஹென்றி இர்வின்ர வேலை. வடிவுதான், இல்லையெண்டு சொல்லேல்ல, ஆனா எனக்கு அங்க கனநேரம் நிக்க மனம் வரேல்ல, உள்ளுக்குள்ள ஒழுங்கையளில இருக்கிறதைத்தான் பாக்கோணும் போல இருந்தது.

ஆர்மேனியன் தெரு எண்டு ஒரு தெரு. இந்தப் பேரை முந்தியும் கேள்விப்பட்டனான், ஆனா ஆர்மேனியருக்கும் மதராஸுக்கும் என்ன தொடர்பு எண்டு யோசிச்சதில்ல. கடைகளுக்கு நடுவில ஒரு பெரிய மரக்கதவு, அதைத் தாண்டி உள்ளுக்குப் போனா ரோட்டுச் சத்தம் அப்பிடியே குறைஞ்சு போகுது. இப்ப நிக்கிற ஆர்மேனியக் கிறிஸ்தவக் கோயில் 1772இல கட்டினது. நடைபாதை முழுக்கக் கல்லறைக் கல்லுகள், அதில விளங்காத எழுத்து, வட்டமும் கொக்கியுமா நெருக்கி வெட்டியிருக்கு. மணிக்கோபுரம் கோயிலோட சேராமல் தனிய நிக்குது, உள்ளுக்க ஆறு மணி. பாரசீகப் பக்கத்தில இருந்து பட்டும் மணிக்கல்லும் வித்துக்கொண்டு வந்த சனம், கம்பனிக்காரரை விடப் பணக்காரரா இருந்தவையும் இருக்கினம். கோஜா பெத்ரூஸ் உஸ்கான் எண்ட வியாபாரி 1726இல சைதாப்பேட்டைப் பக்கம் அடையாற்றுக்குக் குறுக்கால தன்ர காசில பாலம் கட்டிக் குடுத்தவராம், பரங்கிமலைக்கு ஏறுற படியும் அவர் கட்டினதுதான்.

எனக்கு நெஞ்சில நிண்டது இன்னொரு ஆள். ஹாருத்யூன் ஷ்மாவோனியன் எண்ட ஆர்மேனியப் பாதிரியார். ஈரானின்ர ஷிராஸில இருந்து வந்தவர். 1794இல இதே மதராஸில இருந்து அஸ்தரார் எண்ட பத்திரிகையை வெளியிட்டவர், உலகத்திலயே ஆர்மேனிய மொழியில வந்த முதல் பத்திரிகை அதுதான். சொந்த நாட்டில வரேல்ல, கடல் தாண்டி இவ்வளவு தூரத்தில, ஒரு சின்னச் சனக்கூட்டத்துக்காக, எழுத்துச் சேர்த்து அச்சடிச்சிருக்கினம். அவற்ற கல்லறையும் இந்த வளவுக்குள்ளதான் இருக்கு, கல்லில ஒரு விரிச்ச புத்தகம் செதுக்கின மாதிரி வடிவு. இண்டைக்குச் சென்னையில ஆர்மேனியர் எண்டு சொல்லக்கூடின ஆக்கள் விரல் விட்டு எண்ணக்கூடின அளவுதான். எங்கட பிள்ளையளும் டொரோண்டோவிலயும் பாரிஸிலயும் தமிழில பத்திரிகை அடிச்சுக்கொண்டுதான் இருக்கினம். 200 வருசத்துக்குப் பிறகு ஆராவது ஒரு ஆள் ஒரு கூட்டத்தைக் கூட்டிக்கொண்டு போய் பாரிஸின்ர லா சப்பல் தெருவில நிப்பாட்டி, இஞ்சதான் ஈழத்தமிழர் இருந்தவை எண்டு சொல்லுமோ எண்டு யோசிச்சுக்கொண்டு நிண்டன். மாமா அதுக்கிடையில காவலாளியோட கதை குடுத்து அவற்ற ஊர் விபரமெல்லாம் கேட்டுமுடிச்சிட்டார்.

உயர்நீதிமன்றத்தை வெளியில நிண்டுதான் பாத்தனாங்கள். 1892இல திறந்தது, சிவப்புச் செங்கல், கும்பம் கும்பமாக் கோபுரங்கள், அதில பெரியதுக்கு மேல கனகாலம் வெளிச்சவீடு இருந்திருக்கு, 1970கள் மட்டும் கப்பலுக்கு வெளிச்சம் காட்டினது அதுதான். அதுக்கு முந்தின வெளிச்சவீடும் வளவுக்குள்ள ஒரு கல்தூணா அப்பிடியே நிக்குது. இடிச்சு வெளியாக்கின அந்தப் பழைய பட்டணம் இருந்த நிலத்திலதான் இந்த நீதிமன்றம் எண்டு அந்தப் பிள்ளை சொல்ல, நான் திரும்பிப் பாரிமுனைப் பக்கம் பாத்தன். மதிலில ஒரு நினைவுப் பலகை, 1914 செப்டெம்பர் 22 இரவு எம்டன் எண்ட ஜெர்மன் கப்பல் கடலில நிண்டு குண்டு போட்டதைச் சொல்லுது. எண்ணெய்த் தாங்கியள் எரிஞ்சு, ஊரே விட்டுட்டு ஓடினதாம். மாமா இதை ஏற்கெனவே அறிஞ்சு வச்சிருந்தார், அவற்ற அப்பு சின்னனில எம்டன் கதை சொல்லித்தான் நித்திரையாக்கிறவராம்.

பேந்து கோட்டை. தலைமைச் செயலகமும் சட்டசபையும் அதுக்குள்ள இருக்கிறபடியா வாசலில சோதனை இருக்கு, பாஸ்போட் கொண்டு போங்கோ, நாங்கள் கொண்டு போனபடியால் கரைச்சல் இல்லை. சனிக்கிழமை எண்டதால உள்ளுக்க நடமாட்டம் குறைவு. 1639 ஓகஸ்ட் 22ஆம் திகதி, பிரான்சிஸ் டே, ஆண்ட்ரூ கோகன் எண்ட ரெண்டு கம்பனிக்காரர், பேரி திம்மப்பா எண்ட துபாசியின்ர உதவியோட, இந்த மணல்திட்டை உள்ளூர் நாயக்கரிட்ட எழுதி வாங்கினவை. அடுத்த வருசம் கோட்டை எழும்பத் தொடங்கிட்டுது. ஒரு வெறும் மணல் கரை. துறைமுகம் இல்லை, ஆறு ஆழமில்லை, அலை அடிச்சு வள்ளம் கவிழுற இடம். துணி மலிவாக் கிடைக்கும் எண்ட ஒரு காரணத்துக்காக வந்திருந்தவை, அதுக்குள்ள இருந்து எவ்வளவு நாட்டைப் பிடிச்சிருக்கினம் எண்டு நினைக்க எனக்குப் பதறுது. சட்டசபைக் கட்டிட முகப்பில பளபளக்கிற கறுப்புக் கல்தூணுகள் நிக்குது, 1746இல பிடிச்ச பிரெஞ்சுக்காரர் இதைக்கூடக் கழட்டிப் புதுச்சேரிக்குக் கொண்டு போயிட்டினமாம், 1761இல புதுச்சேரியைப் பிடிச்ச இங்கிலீஸ்காரர் திருப்பிக் கொண்டு வந்து நட்டவை.

கோட்டைக்குள்ள எனக்கு எல்லாத்தையும் விடப் பெரிசாத் தெரிஞ்சது புனித மரியாள் தேவாலயம். 1680இல திறந்தது, சூயஸுக்குக் கிழக்கால இருக்கிற அங்கிலிக்கன் கோயில்களில ஆகப் பழையது. அமெரிக்காவில இருக்கிற யேல் பல்கலைக்கழகத்துக்குப் பேர் குடுத்த எலிஹு யேல் மதராஸில கவர்னரா இருந்தவர், அவற்ற கலியாணம் இஞ்சதான், ராபர்ட் கிளைவுக்கும் 1753இல இஞ்சதான் கலியாணம். பேந்து மதராஸ் கவர்னரா இருந்த தோமஸ் மன்றோவின்ர கல்லறையும் உள்ளுக்கதான். உதெல்லாம் கைட் சொல்லேக்க எல்லாரும் ஆவெண்டு கேட்டினம். மாமா அதைக் கவனிக்கேல்ல. அவர் சுவரைத் தட்டித் தட்டிப் பாத்துக்கொண்டு வந்தார். பேந்து கூரையை அண்ணாந்து பாத்தார். வளை, தீராந்தி, ஓடு ஒண்டும் இல்லை, மூண்டு நீட்டு வளைவாக் கல்லும் செங்கலும் வச்சுக் கட்டி மேல மூடியிருக்கு.

"பிள்ளை, இது கோயில் இல்லை, பங்கர்" எண்டார் என்னட்ட மெதுவா.

சரியாச் சொல்லியிருந்தார். வெளிச்சுவர் 4 அடித் தடிப்பு. குண்டு விழுந்தாலும் எரியக்கூடாது எண்டு கட்டிடத்தில மரத்தைத் தவிர்த்து, கோட்டையின்ர பீரங்கிப் படைக்காரர் ஒருவரே திட்டம் போட்டுக் கட்டினதாம், சண்டை நேரங்களில உணவுக் களஞ்சியமாவும் படை தங்கிற இடமாவும் பாவிச்சிருக்கினம். மாமா பதுங்குகுழி வெட்டி அதுக்கு மேல பனங்குத்தியும் மண்மூட்டையும் அடுக்கின ஆள், எவ்வளவு தடிப்பு இருந்தா எந்த எறிகணையைத் தாங்கும் எண்டு கணக்குத் தெரிஞ்ச ஆள். அந்தப் பிள்ளை ஓடிவந்து, "ஐயா எப்படிக் கண்டுபிடிச்சீங்க" எண்டு கேட்டது. மாமா "அது தெரியும் தங்கச்சி" எண்டு மட்டும் சொன்னார். பிறகு போற வழியில நான்தான் அவவுக்கு விளங்கப்படுத்தினன்.

கோயிலுக்கு வெளியில முற்றம் முழுக்கக் கல்லறைக் கல்லுகள் பாவி இருக்கு, நாங்கள் நடக்கிறதே அதுக்கு மேலதான். லத்தீன், போர்த்துக்கீசு, ஆர்மேனியன், இங்கிலீசு. 1652ஆம் ஆண்டுக் கல்லு ஒண்டு, எலிசபெத் பேக்கர் எண்ட பொம்பிளையின்ர, இந்தியாவில இருக்கிற இங்கிலீஸ்காரரின்ர கல்லறைக் கல்லுகளில ஆகப் பழையது எண்டு காட்டினா. ஆனா இந்தக் கல்லுகளுக்குக் கீழ ஒருதரும் இல்லை. அந்த ஆக்களைப் புதைச்ச இடம் இஞ்சால இல்லை, நீதிமன்றத்துக்குப் பக்கத்தில சட்டக் கல்லூரி இருக்கிற இடத்திலதான் பழைய சவக்காலை. லாலியின்ர படை உயரமான கல்லறையளுக்குப் பின்னால மறைஞ்சு நிண்டு சுட்டபடியால, முற்றுகை முடிஞ்ச பிறகு இங்கிலீஸ்காரரே தங்கட ஆக்களின்ர கல்லறையை இடிச்சுத் தரைமட்டமாக்கி, கல்லை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து இஞ்ச பரப்பினவை. பேந்து ஹைதர் அலி வாறார் எண்ட பயத்தில இதே கல்லுகளைப் பெயர்த்துப் பீரங்கி வைக்கிற மேடைக்கும் போட்டிருக்கினம். சில கல்லு மூலை உடைஞ்சு, நடுவில தேஞ்சு கிடக்கிறது அதாலதான். ஒரு கல்லுக்குப் பக்கத்தில குந்தியிருந்து எழுத்தை விரலால தடவிப் பாத்தன், ஒரு சின்னக் குழந்தையின்ர வயசு அதில இருந்துது. செத்த பிள்ளையின்ர கல்லை எடுத்துப் பீரங்கிக்குக் கீழ போட்டிருக்கு. கல்லறையளுக்கு என்ன நடக்கும் எண்டது எங்கட ஆக்களுக்கு நான் எழுதித்தான் தெரியவேண்டியதில்ல, அதால இதை இத்தோட விடுறன்.

அருங்காட்சியகம் 1795இல கட்டின கட்டிடத்தில இருக்கு, 1948இல தொடங்கினது. தொல்லியல் துறையின்ர இடங்களில சார்க் நாட்டுக்காரருக்கு இந்தியருக்குரிய கட்டணம்தான், வெளிநாட்டு ரிக்கற் வாங்கிப்போடாதேங்கோ, பாஸ்போட்டைக் காட்டிக் கேளுங்கோ. வெள்ளிக்கிழமை பூட்டு. வாள், துவக்கு, காசு, கோப்பை பீங்கான் எல்லாம் இருக்கு, 1947 ஓகஸ்ட் 15 இந்தக் கோட்டையில ஏத்தின தேசியக்கொடியும் கண்ணாடிக்குள்ள இருக்கு. நான் கனநேரம் நிண்டது கம்பனியின்ர கவர்னர் ஜெனரலா இருந்த கோர்ன்வாலிஸின்ர சிலைக்குக் கீழ. 1800இல இங்கிலாந்தில இருந்து வந்த பெரிய வெள்ளைக்கல் சிலை. மேல கோர்ன்வாலிஸை எல்லாரும் பாக்கினம், கீழ பீடத்தில செதுக்கியிருக்கிறதைத்தான் பாக்கோணும். 1792இல திப்பு சுல்தான் தோத்த பிறகு, பேசின காசைக் கட்டி முடிக்கும் மட்டும் பிணையா வச்சிருக்க அவற்ற ரெண்டு சின்ன ஆம்பிளைப் பிள்ளையளைக் கேட்டு வாங்கினவை. அந்தப் பிள்ளையளை ஒப்படைக்கிற காட்சி. பத்து வயசு மட்டில ஒண்டு, மற்றது அதிலும் சின்னன். கோர்ன்வாலிஸ் கை நீட்டி வாங்கிறார், ஏதோ பெரிய அன்பு காட்டின மாதிரிச் செதுக்கியிருக்கு. ரெண்டு பிள்ளையளையும் மதராஸுக்குக் கொண்டு வந்து 1794 மட்டும் வச்சிருந்தவை. பிள்ளையை எடுத்துக்கொண்டு போறதையே பெருமையாச் செதுக்கி நடுத் திடலில வச்சவையின்ர மனசை என்னால ஏற்க முடியேல்ல, எவ்வளவு நல்ல கைவேலையா இருந்தாலும்.

இதுக்குள்ள நிண்டுதான் நான் எங்களைக் கூட்டிக்கொண்டு வந்த அந்தப் பிள்ளையிட்டக் கேட்டன், இலங்கை இந்தக் கோட்டையில இருந்து ஆளப்பட்ட கதையைச் சொல்லுறனீங்களோ எண்டு. "இல்ல மேடம், அது எனக்குப் புதுசு, நீங்க சொல்லுங்க" எண்டு குறிப்புப் புத்தகத்தை எடுத்திட்டா. எனக்கு உண்மையா சந்தோசமா இருந்தது. அப்பிடியே நிண்ட நிலையில சொன்னன்.

1794இல இருந்து 1798 மட்டும் மதராஸ் கவர்னர் ஹோபார்ட் பிரபு. டாஸ்மேனியாவில இருக்கிற ஹோபார்ட் நகரத்துக்கு இவற்ற பேர்தான். ஒல்லாந்து நாடு பிரெஞ்சுக்காரரின்ர கையில போயிட்டுது, அதால இலங்கையில இருக்கிற ஒல்லாந்தரின்ர கோட்டையள் பிரெஞ்சுக்காரரிட்டப் போகமுதல் பிடிக்கோணும் எண்டு 1795இல கேணல் ஸ்ருவர்ட் தலைமையில படை அனுப்பினவர். முதல் திருகோணமலை, பேந்து யாழ்ப்பாணம், முல்லைத்தீவு, மன்னார், 1796 பெப்ரவரியில கொழும்பு. வன்னியை அதுக்குக் கொஞ்ச வருசத்துக்கு முந்தித்தான் ஒல்லாந்தர் சண்டைபிடிச்சு அடக்கி, நாகெல் எண்ட அதிகாரியை முல்லைத்தீவில இருத்தினவை, அந்த வடு ஆறமுதல் அடுத்த ஆக்கள். பிடிச்ச இடத்தை ஆளுறதுக்கு ரொபேர்ட் ஆன்ட்ரூஸ் எண்ட மதராஸ் அதிகாரியை விட்டினம், அவர் மதராஸில பழகின முறையை அப்பிடியே கொண்டு வந்தார். ஊர்த் தலைமைக்காரரை ஒதுக்கிப்போட்டு, அங்க இருந்து அமில்தார்மார் எண்ட வரி அதிகாரியளையும் துபாசிமாரையும் இறக்கி வரி அறவிட விட்டினம். தென்னை மரத்துக்கும் வரி. 1797இல கலகம் வெடிச்சது. கலகத்துக்குப் பிறகு விசாரணைக்குழு வச்சு அந்த முறையைக் கைவிட்டினம், 1798இல நோர்த் கவர்னரா வந்து இறங்கினார், 1802இல இலங்கையைக் கம்பனியிட்ட இருந்து பிரிச்சு நேர முடிக்குக் கீழ எடுத்தினம்.

அடுத்த வருசம், 1803 ஓகஸ்ட் 25, வன்னிச் சிற்றரசன் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையை அடிச்சுப் பிடிச்சது. அங்க இருந்த பிரிட்டிஷ் படை அதிகாரி கப்டன் வொன் டிறிபேர்க் தப்பி வள்ளத்தில யாழ்ப்பாணம் போய், படையோட திரும்பி வந்து ஒக்ரோபர் 31 ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட கற்சிலைமடுவில பண்டாரவன்னியனைத் தோற்கடிச்சார். இதைச் சொல்லி முடிக்கேக்க மற்றாக்களும் சுத்தி நிண்டு கேட்டுக்கொண்டிருந்தினம், ஒரு வயசான ஐயா, நீதிமன்றத்தில வேலை செய்து ஓய்வானவராம், "அப்ப எங்க ஊர் ஆட்கள்தான் உங்ககிட்ட வரி வசூல் பண்ண வந்தாங்களா" எண்டு கவலையாக் கேட்டார். மாமாதான் அவற்ற தோளில தட்டி, "விடுங்கோ ஐயா, அது கம்பனி" எண்டார்.

நடை முடிஞ்ச பிறகு மாமா எழும்பூர் ஸ்டேசனைப் பாக்கோணும் எண்டு நிண்டார். நடைப்பயணத்தில அது இல்லை, நாங்கள் தனியப் போனனாங்கள். 1908இல திறந்த ஸ்டேசன், சிவப்பும் வெள்ளையும், குமிழ் குமிழாக் கூரை. மாமாவுக்கு அந்தக் கட்டிடத்தின்ர வரலாறு தேவையில்லை. 70களில பெடியனா இருக்கேக்க வவுனியாவில றெயின் ஏறி, மதவாச்சியில மாறி, மடுறோட் தாண்டித் தலைமன்னாருக்குப் போய், ராமானுஜம் கப்பலில ராமேஸ்வரம், அங்க இருந்து இரவிரவா றெயினில வந்து விடிய இறங்கினது இந்த ஸ்டேசனிலதான். 1914இல தொடங்கின பாதை அது, முதல் தனுஷ்கோடிக்குப் போனது, 1964 புயலில தனுஷ்கோடி அழிஞ்ச பிறகு ராமேஸ்வரம். "கொழும்புக்குப் போறமாதிரித்தான் பிள்ளை, ஒரு ரிக்கற், அவ்வளவுதான்" எண்டு சொல்லிச் சொல்லி மேடையின்ர அந்தலை மட்டும் நடந்து பாத்தார். 80களில சண்டையோட அந்தக் கப்பல் நிண்டது நிண்டதுதான்.

எனக்கு இந்தப் பயணத்தில ஆகப் பெரிய படிப்பினை கட்டிடங்களை விட அந்த நடைதான். மதராஸின்ர பழைய கதையளைச் சனத்துக்குக் கிட்டக் கொண்டு வந்தவர்களில முதல் ஆள் எஸ். முத்தையா, 2019இல காலமானவர். அவர் கனகாலம் இலங்கையில பத்திரிகையாளரா இருந்து 1968இல சென்னைக்குப் போன மனுசன். 2004இல இருந்து ஓகஸ்ட் 22ஐ மதராஸ் தினமாக் கொண்டாடினம், அந்தக் கிழமை முழுக்கத் தெருத்தெருவா இப்பிடி நடக்கினம். கவனியுங்கோ, அதுக்கு மூண்டு நாள் கழிச்சு ஓகஸ்ட் 25 எங்கட பண்டாரவன்னியன் நாள். நாங்கள் என்ன செய்யிறம், மாலை போட்டுக் கூட்டம் வைக்கிறம், பேச்சு, தேத்தண்ணி, வீட்டுக்கு வாறம். பிள்ளையளை அந்த இடத்தில நிப்பாட்டி, கோட்டை இந்தப் பக்கம், கடல் அந்தப் பக்கம், வள்ளம் இதால வந்தது எண்டு சொல்லுறேல்ல. பூநகரியில கோட்டைச் சுவர் இப்பவும் நிக்குது, ரோட்டால போற எத்தினை பேர் இறங்கிப் பாத்திருப்பம். ஆனையிறவில ஒல்லாந்தரின்ர சின்னக் கோட்டை இருந்தது எண்டதைக் கிளிநொச்சிப் பிள்ளையளில எத்தினை பேருக்குத் தெரியும். கற்சிலைமடுவில இருந்த பழைய நினைவுக்கல் உடைஞ்சும் போச்சு. இரணைமடுக் குளத்தை 1900களின்ர தொடக்கத்தில கட்டத் தொடங்கினதையும், அதுக்குப் பிறகுதான் கிளிநொச்சியில வயலும் ஊரும் வந்ததையும் அந்த அணைக்கட்டில நிண்டு சொன்னா எந்தப் பிள்ளைக்கு மறக்கும்.

இதுக்குப் பெரிய காசு தேவையில்ல. சென்னையில அந்தப் பிள்ளையிட்ட இருந்தது ஒரு குடை, ஒரு தண்ணிப்போத்தல், பழைய வரைபடம் ஒண்டின்ர ஃபோட்டோக்கொப்பி, வேற ஒண்டுமில்ல. அந்த வரைபடத்தை விரிச்சு, இப்ப நாங்கள் நிக்கிற இடம் அப்ப இது எண்டு விரலால காட்டினா, அதிலதான் எல்லாருக்கும் கண் திறந்தது.

நான் பத்தாம் வகுப்புப் பிள்ளையளோட முதல் நடையை முல்லைத்தீவு நகரத்தில தொடங்கப்போறன், கச்சேரியடியில இருந்து கடற்கரை மட்டும், விடிய வெய்யில் ஏறமுதல். அதுக்கடுத்தது ஒட்டுசுட்டான், கற்சிலைமடு. அதிபர் ஓமெண்டிட்டார், பெற்றோரும் கொஞ்சப் பேர் வாறம் எண்டு சொல்லியிருக்கினம். மாமாவும் வருவார், தலைமன்னார்க் கப்பல் கதையை அவர்தான் சொல்லுவார். முல்லைத்தீவில பழைய ஆக்கள் உங்கட வீடுகளில இருந்தா, கோட்டை, பழைய வாடிவீடு, பழைய றோட்டுகள், எந்த இடத்தில என்ன இருந்தது எண்டு அவை சொல்லுறதைப் போனில பதிஞ்சு எனக்கு அனுப்பிவிடுங்கோ, ஊர்ப் பேரும் சேர்த்து. வரைபடத்தில குறிச்சுக்கொண்டு வாறன்.